அக்தர் பானு பேசாத அழைப்புகள்

திரு. பி. அக்தர். ஆண். வணிக நிர்வாகி. ஆண்டுக்கு ஆறு தடவைக்கு மேல் வெளிநாடு செல்பவர். தங்குவது பெரும்பாலும் நட்சத்திர ஹோட்டல்களில். விரும்பும் மொழி ஆங்கிலம். பொழுதுபோக்கு கோல்ஃப்.

2004-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி, புனே விமான் நகரில் ஒரு செல்ஃபோன் கம்பெனியின் கணினி அக்தர் பானுவை இப்படித்தான் அறிந்து வைத்திருந்தது. கணினியைக் குற்றம் சொல்ல முடியாது; சொன்னதைக் கேட்கிற பிராணி அது. அக்தர் பானுவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கசார்வாடியில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், இரண்டு அறை வீட்டின் முன்னறையில் மூன்று தையல் மிஷின் போட்டு நைட்டி தைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் தாண்டிய எல்லையெல்லாம் சொந்த ஊரான கடையநல்லூருக்குப் போகும் வழியில் குறுக்கிடுகிற மாநில எல்லைகள்தாம்; அவற்றையும் ரயிலில் தூங்கிக்கொண்டே தாண்டியிருந்தாள். ஹோட்டலில் தங்குவது சொந்தக்காரர்கள் கைவிட்டவர்கள் செய்கிற காரியம் என்பது அவள் கட்சி. கோல்ஃபைப் பற்றி அவளுக்குக் கருத்து இல்லை. அவளுக்குக் கருத்து இல்லாத விஷயம் அநேகமாக அது ஒன்றுதான்.

கருத்தோடு கோபமும் உண்டு. விசேஷத்துக்கு மட்டும் பரணிலிருந்து இறக்குகிற அண்டாவைப் போல அவள் கோபத்தை வைத்திருக்கவில்லை. அது தினப்படிப் புழக்கத்தில் இருந்தது. நூல் அறுந்தால் மில்காரன் மேல் கோபம், கரண்ட் போனால் சர்க்கார் மேல், கரண்ட் வந்தால் அது போன நேரத்தின் மேல். இதற்கு நேர் எதிராக அவள் கணவர் ஷாகுல் ஹமீது, பழைய மும்பை நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருஷமாக வேலை பார்ப்பவர், டிக்கெட் கொடுக்கிற பஸ் கண்டக்டருக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். இவ்வளவு சத்தத்துக்கும் இவ்வளவு சாந்தத்துக்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று தெருவில் வியப்பார்கள். ஒத்துப்போகவில்லை, பழகிப்போயிருந்தது.

அவளுக்குக் கடை கிடையாது. கசார்வாடியின் பட்டறைத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள், லோஹேகாவ் விமானப்படைக் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள், விமான் நகரில் நாலு பேராகச் சேர்ந்து ஃபிளாட் எடுத்திருந்த கம்ப்யூட்டர் பெண்கள், எல்லோரிடமும் இருந்தது அவளுடைய செல்ஃபோன் எண் மட்டும்தான். ஃபோன் செய்வார்கள், அளவு சொல்வார்கள், பூப்போட்டதா கோடுபோட்டதா என்று சொல்வார்கள். நைட்டி வீட்டுக்கு வரும். அந்த எண்தான் கடை. அதைப் பூட்டினால் கடை பூட்டின மாதிரி. அந்தக் காலத்தில் கம்பெனியை விட்டு வெளியே போகிறவர் எண்ணைக் கையோடு கொண்டுபோக முடியாது என்பதும், ஆகவே கடையின் சாவி உண்மையில் கம்பெனியின் இடுப்பில் இருந்தது என்பதும் அவள் யோசித்துப் பார்க்காத சங்கதிகள்.

அந்த வருஷம் அவள் மகள் ஹுதா ஷார்ஜாவில் பிள்ளை உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். இதில் அக்தர் பானுவுக்குப் பேச்சே இல்லை. ஆனால் மருமகன் முகமது ரஃபீக், டாக்டர் விமானத்தில் போக வேண்டாம் என்கிறார் என்றான். அவன் வாப்பா அப்துல் ஹாதி கடையநல்லூரிலிருந்து ஃபோன் செய்து, புனாவுல அப்படியென்ன பெரிய ஆஸ்பத்திரி இருக்கு சம்மந்தி என்று சிரித்தார். சிரித்ததுதான் தப்பு. மகள் தாய் வீட்டுக்கு வர முடியாதென்றால் தாய் வீடு மகளிடம் போகும் என்று அக்தர் பானு முடிவு செய்தாள்.

அத்தோடு இன்னொரு முடிவும். பிள்ளை பிறந்த சேதியைப் பெண் வீடு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீடு பெண் வீட்டுக்குச் சொல்லக் கூடாது. அது அவள் உம்மா வீட்டு வழக்கம். தான் ஷார்ஜாவிலிருந்து கணவருக்குச் சொல்ல, அவர் கசார்வாடியிலிருந்து கடையநல்லூருக்குச் சொல்ல, அப்துல் ஹாதி முதன்முதலாகத் தாத்தாவாகிற சேதியை ஷாகுல் ஹமீது வாயால் கேட்க வேண்டும்.

“மாமி, நீங்க ஃபோனெல்லாம் கொண்டுவர வேணாம். எங்கிட்ட இருக்குல்லா” என்று ரஃபீக் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

“மருமவன் காசுல புருஷனோட பேசதுக்கு நான் என்ன சீரழிஞ்சா போயிட்டேன்?” என்று, ஃபோனை வைத்த பிறகு, கணவரிடம் கேட்டாள்.

“அவன் ஆசையாத்தான சொல்லுதான் பானு.”

“ஆசையாத்தான் சொல்லுவான். நாளைக்கு அவ்வொ வாப்பா கணக்குச் சொல்லுவாவ.”

ஆகவே தன் ஃபோன், தன் எண், தன் காசு.

விமான் நகர் ஷோரூமில் நிர்மல் என்ற பையன் அவளை உட்காரவைத்தான். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழில் தொடங்குகிற வாக்கியத்தை எந்த மொழியில் முடிப்பான் என்று அவனுக்கே தெரியாது.

“ஆன்ட்டி, இன்டர்நேஷனல் ரோமிங் நார்மல் பிளான்ல இல்லை நா. பிளாட்டினம்ல தான் வரும். பிளாட்டினம் யாருக்கு, பெரிய பெரிய பிஸ்னஸ் லோக். ஃபார்ம்ல நான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்றேன். சலேகா?”

“என்னத்தையும் பண்ணு. எடுத்தா காசா, எடுக்காட்டியும் காசா? அதைச் சொல்லு.”

“எடுத்தா மீட்டர் ஓடும் ஆன்ட்டி. எடுக்கலைன்னா ஒரு பைசா கிடையாது.”

“பக்காவா?”

“ஏக்தம் பக்கா.”

நிர்மல் பொய் சொல்லவில்லை. தெரியாததை உறுதியாகச் சொன்னான், அவ்வளவுதான். இரண்டுக்கும் சம்பளம் ஒன்றுதான். பிளாட்டினத்தோடு வாய்ஸ் மெயில் என்ற ஒன்று இலவசமாக வரும் என்றும் சொன்னான். இலவசம் என்ற சொல்லைக் கேட்டு அக்தர் பானு மறுத்ததில்லை.

கிளம்புவதற்கு முன் கணவரை உட்காரவைத்து முறையைச் சொல்லிக்கொடுத்தாள். தினமும் அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வீட்டு லேண்ட்லைனிலிருந்து அவர் ஒரு ரிங் கொடுக்க வேண்டும். அவள் கட் பண்ணுவாள். கட் பண்ணினால் நலம் என்று அர்த்தம். கட் பண்ணாமல் அடித்துக்கொண்டே இருந்தால் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள் என்று அர்த்தம். அவளிடமிருந்து லேண்ட்லைனுக்கு மூன்று ரிங் தனித்தனியாக வந்தால் பிள்ளை பிறந்துவிட்டது, எடுக்கக் கூடாது, உடனே கடையநல்லூருக்கு எஸ்டிடி போட வேண்டும். ஆணா பெண்ணா என்று அப்துல் ஹாதி கேட்டால், பெரிய மனுஷன் முதலில் அல்ஹம்துலில்லாஹ் சொல்ல வேண்டும் என்று ஞாபகப்படுத்தலாம்.

இதில் விசித்திரம் ஒன்றும் இல்லை. அந்த வருஷங்களில் பாதி தேசம் பேசாமலேயே பேசிக்கொண்டிருந்தது. மிஸ்டு காலுக்கு ஓர் இலக்கணம் இருந்தது. அதைக் கட் பண்ணுவது ரசீது. ‘கிடைத்தது, போய் வேலையைப் பார்’ என்று பொருள். கட் பண்ணாதவன்தான் மரியாதை தெரியாதவன்.

ஷார்ஜாவில் அக்தர் பானு கட் பண்ணினாள். அந்த வருஷம் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் விழுந்தன. நைட்டி வியாபாரத்தில் இது கிரகணத்தைப் போல எப்போதாவது வருவது. கசார்வாடியில் வேலைக்கு வைத்த பெண்கள் கையில் மூன்று மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. புனேயின் பாதிப் பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள். நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டே இடது கைப் பெருவிரலால் கட் பண்ணினாள். ஹுதாவுக்குக் காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கட் பண்ணினாள். கட் பண்ணக் கட் பண்ண அவர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் கட் பண்ணினாள். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் கம்பெனியை ஏமாற்றிவிட்ட ஒரு திருப்தி வந்துபோகும்.

“உம்மா, சைலண்ட்ல போடேன். தலை வலிக்கி” என்றாள் ஹுதா.

“சைலண்ட்ல போட்டா உங்க வாப்பா அடிச்சா எப்படித் தெரியும்? நான் மவுத்தாயிட்டேன்னு நெனச்சுக்கிடுவாவ.”

“அப்ப ஒண்ணு ரெண்டாவது எடுத்துப் பேசு. பாவம், எத்தனை தடவ கூப்பிடுதாங்க.”

“எடுத்தா மீட்டரு. வேணுங்கிறவ வீட்டுக்குப் போய் உங்க வாப்பாகிட்டச் சொல்லுவா.”

ஒரே ஒரு அழைப்பைக்கூட அவள் எடுக்கவில்லை. சபலமே இல்லை. சிக்கனத்துக்குச் சிலை வைப்பதாக இருந்தால் ஷார்ஜாவில் அந்த ஃபிளாட்டின் சமையலறை ஜன்னல் பக்கம் வைக்கலாம்.

நோன்பு மாதத்தின் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரத்தில், ஆஸ்பத்திரியில் பேரன் பிறந்தான். நர்ஸ் வந்து சொன்னதும் அக்தர் பானு அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள், கண்ணைத் துடைத்தாள், பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். அவள் செய்த வரிசை அதுதான். கசார்வாடி லேண்ட்லைன் எண்ணை அழுத்தினாள். ரிங் போகவில்லை. ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் ஏதோ வருத்தப்பட்டது. மறுபடி அழுத்தினாள். அதே பெண், அதே வருத்தம்.

பக்கத்தில் நின்ற ரஃபீக் தன் ஃபோனை நீட்டினான். “மாமி, இதுல பேசுங்க.”

“வேணாம் மாப்பிள்ளை. எங்கிட்ட இருக்கு” என்று சொல்லிவிட்டு, ஒன்றுக்கும் உதவாத அந்த ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். எதிரே இருந்த மலையாளி மளிகைக் கடையில் ஃபோன் கார்டு விற்பார்கள். கடை மூடியிருந்தது. கடைக்காரன் ஜும்ஆவுக்குப் போயிருந்தான். தெருவில் எல்லாக் கடையும் மூடியிருந்தது. எல்லோரும் தொழப்போயிருக்கிறார்கள் என்பதற்காகக் கோபப்பட முடியாத ஒரே சந்தர்ப்பம் அது. அக்தர் பானு அதையும் சமாளித்தாள். இழுத்துவிட்ட ஷட்டரின் முன்னால், நோன்பு வயிற்றோடு, வெயிலில் நின்று கடைக்காரன் வருகிறவரை அந்தக் கம்பெனியைத் திட்டினாள்.

மேலே ரஃபீக் தன் வாப்பாவுக்கு ஃபோன் செய்தான். பிள்ளை பிறந்தவன் பெற்றவருக்குச் சொல்லாமல் என்ன செய்வான்? மாமி இந்நேரம் மாமாவுக்குச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் அவனும் நினைத்தான்.

கடை திறந்து, கார்டு வாங்கி, எண்களைச் சுரண்டி, மளிகைக்காரனின் ஃபோனில் கூப்பிட்டபோது கசார்வாடி லைன் எங்கேஜ்டு. மறுபடி எங்கேஜ்டு. மூன்றாம் முறை ஷாகுல் ஹமீது எடுத்தார்.

“பானு! மாஷா அல்லாஹ், பேரனாமே!”

“யாரு சொன்னா?”

“சம்மந்திதான். இப்பத்தான் வச்சாவ. ‘என்ன சம்மந்தி, உங்களுக்குத் தெரியாதா? நோன்பு திறக்க மிட்டாய் வாங்கியாரதுக்கு ஆளே போயாச்சே’ன்னு ஒரே சிரிப்பு.”

அவள் ஃபோனை வைத்துவிட்டாள். கார்டில் இன்னும் நிறைய நிமிஷங்கள் பாக்கி இருந்தன. அவற்றை அவள் பிறகும் தொடவில்லை. அவள் வாழ்க்கையில் காசு கொடுத்து வாங்கி வீணாக்கிய பொருள், அறிந்தவரையில், அது ஒன்றுதான்.

டிசம்பர் முதல் வாரம் ஊர் திரும்பினாள். வீட்டில் ஒரு கனத்த உறை காத்திருந்தது. மரியாதைக்குரிய திரு. அக்தர் அவர்களுக்கு என்று தொடங்கி, வெளிநாட்டில் அவர் பேசிய அழைப்புகளுக்காக நாற்பதாயிரத்துச் சொச்சம் கட்ட வேண்டும், வரம்பு மீறியதால் சேவை நிறுத்தப்பட்டுள்ளது, கட்டாவிட்டால் எண் நிரந்தரமாக ரத்தாகும் என்று சொன்னது. ஷாகுல் ஹமீது தொகையை முதலில் பில் நம்பர் என்று நினைத்தார்.

“நான் பேசல” என்றாள் அக்தர் பானு. “ஒரு வார்த்தை பேசல. எடுக்கவே இல்ல.”

“நீ பேசலங்கது எனக்குத் தெரியாதா?” என்று ஷாகுல் ஹமீது சொன்னார், சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும், அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதாக எழுந்து போனார்.

அவளுக்குத் தொகையைவிட எண் பெரிய கவலை. எண் செத்துக் கிடந்த அந்த வாரங்களில், பெருநாளுக்கும் தீபாவளிக்கும் தைத்து அடுக்கிய நைட்டிகளில் பாதி அலமாரியிலேயே இருந்தன. லோஹேகாவ் பக்கம் வேறு ஒருத்தி புகுந்துவிட்டாள் என்று காற்றுவாக்கில் சேதி வந்தது. எண் திரும்பி வராவிட்டால் மூன்று மிஷினையும் விற்க வேண்டியதுதான்.

மறுநாள் இருவரும் இரண்டு பஸ் மாறி விமான் நகர் போனார்கள். நிர்மல் அங்கே இல்லை. பிளாட்டினம் திட்டத்தை அதிகம் விற்றதற்காக வேறு கிளையில் பெரிய நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவனுக்குப் பதிலாக ஸ்ரீவித்யா இருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, முப்பது வயதிருக்கும், வாடிக்கையாளர் பிரிவுக்கு மேலாளர். தமிழ்க் குரல் உயர்ந்ததைக் கேட்டுத் தன் அறைக்கே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அக்தர் பானு தண்ணீரைக் குடித்துவிட்டுக் கத்தினாள்.

“நான் பேசலங்கேன், பேசுனேன்னு பில்லு குடுக்கியே, நீ கேட்டியா?”

“அக்கா, கொஞ்சம் பொறுங்க. சிஸ்டத்துல ஒவ்வொரு காலும் கனெக்ட் ஆயிருக்குங்க. நானென்ன பண்றதுங்க?”

“கனெக்டும் ஆவல, ஒண்ணும் ஆவல. அம்புட்டையும் கட் பண்ணுனேன். இந்த விரலாலதான் கட் பண்ணுனேன்.”

ஸ்ரீவித்யா பேனாவைக் கீழே வைத்தாள். “கட் பண்ணுனீங்களா? அடிச்சு நின்னதுங்களா, இல்ல சிவப்புப் பட்டனை அமுக்கினீங்களா?”

“அமுக்குனேன்.”

“அத்தனையுமா?”

“அத்தனையும்.”

“அய்யோ, அக்கா” என்றாள் ஸ்ரீவித்யா.

அவள் விளக்கியது இதுதான். பிளாட்டினத்தோடு இலவசமாக வந்த வாய்ஸ் மெயில், ஆள் எடுக்காத அழைப்பைத் தானே எடுத்துச் சேதி வாங்கிவைக்கிற பெட்டி. அந்தப் பெட்டி இருப்பது புனேயில். புனேயிலிருந்து ஒருத்தி கூப்பிட்டால் அழைப்பு ஷார்ஜாவுக்குப் போகிறது. அங்கே இவள் கட் பண்ணினால், ஆள் வேலையாக இருக்கிறார் என்று நினைத்து அது மறுபடி புனேயில் உள்ள பெட்டிக்குத் திரும்பி வருகிறது. போனதற்கு ஒரு வெளிநாட்டுக் கட்டணம், வந்ததற்கு ஒரு வெளிநாட்டுக் கட்டணம்.

“ஊருக்குக் கிளம்பறக்கு முன்னாடி அந்த டைவர்ட்டை எடுத்து உட்டிருந்தா ஒரு பைசா ஆயிருக்காதுங்க்கா. நாலு பட்டன் அமுக்குற வேலைங்க. யாரும் சொல்லலீங்களா?”

“எடுக்கலைன்னா காசு கிடையாதுன்னு சொன்னான் ஒருத்தன். பக்கான்னான்.”

ஸ்ரீவித்யா அந்த ஒருத்தன் யார் என்று கேட்கவில்லை. பெட்டியில் சேதி இருக்கிறதா பார்க்கலாம் என்று தன் மேசை ஃபோனிலிருந்து அதைத் திறந்து, மூவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் விட்டாள். முதலில் ஒரு மராட்டிப் பெண், பானு தாயி, தோன் நைட்டி பாஹிஜேத், எக்ஸ்எல் என்று இரண்டு நைட்டி கேட்டாள். அடுத்து லோஹேகாவிலிருந்து சந்திரிகா, நீலத்தில் பெரிய பூ இருக்கா என்று கேட்டாள். பிறகு தொண்டையைச் செருமும் ஒரு சத்தம் கேட்டது. ஷாகுல் ஹமீது நாற்காலியில் சற்றுக் கீழே இறங்கினார்.

“ஆங்… சரிம்மா. நான் நல்லாருக்கேன்னு சொல்லிருங்க. வச்சிடுதேன்.”

அடுத்த நாள்: “நாந்தாம்மா. இன்னைக்குக் கஞ்சி பள்ளிவாசல்ல வாங்கிட்டேன். அவகிட்டச் சொல்லிருங்க, கவலப்படாண்டாம்னு.”

அதற்கடுத்த நாள்: “நீங்களும் நோன்பு நேரத்துல பேசிக்கிட்டே இருக்கீய. தண்ணி கிண்ணி குடிச்சுக்கிடுங்க. அஸ்ஸலாமு அலைக்கும்.”

இப்படியே போயிற்று. ஒரு நாள்கூட விடவில்லை. சில நாள்களில் பட்டறையில் நடந்ததைச் சொல்லியிருந்தார். ஒரு நாள் மழை வந்தது, துணியை எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தார்.

அக்தர் பானு திரும்பி அவரைப் பார்த்தாள். “யாருகூடப் பேசிக்கிட்டு இருந்தீய?”

“அந்தம்மாகூடத்தான்.”

“எந்தம்மா?”

“ஃபோன்ல வருமே… நீ கட் பண்ணுனதும் அந்தம்மா எடுக்கும். அவ அவ்வளவு தன்மையா, ப்ளீஸுன்னு சொல்லுதா. பட்டுனு வைக்கதுக்கு மனசு வரல பானு.”

“அது மெஷினு.”

“மெஷினுன்னாலும் ஒரு பொம்பளப் பிள்ளை குரல்தான?”

“முப்பது வருஷத்துல எங்கூட இம்புட்டுப் பேசுனது கிடையாது” என்றாள் அக்தர் பானு. ஸ்ரீவித்யா குனிந்து இழுப்பறையில் எதையோ வெகுநேரம் தேடினாள்.

பிறகு நிமிர்ந்து, வருத்தத்தோடுதான் சொன்னாள். “பாருங்கக்கா, நீங்க பேசல. அதுவும் நெசம். கால் பேசப்பட்டிருக்கு. அதுவும் நெசம். கம்பெனிக்கு ரெண்டாவது நெசம் போதுங்க.”

“பேசுனதுக்குக் காசு கேளு, தாரேன். பேசமாட்டேன்னு சொன்னதுக்குமா காசு?”

ஸ்ரீவித்யா கம்பெனி ஆள்தான். ஆனால் நல்ல பெண். மேலே எழுதுகிறேன் என்றாள், எழுதினாள். மும்பைக்கு எழுதினாள், அங்கே ஒருவரோடு சண்டைகூடப் போட்டாள். பத்துப் பதினைந்து நாளில் கசார்வாடி லேண்ட்லைனுக்கு அவளே கூப்பிட்டு, “அக்கா, முடிஞ்சுதுங்க! முழுசும் தள்ளுபடி. நம்பரும் உங்களுக்கேதான். நாளைக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க” என்றாள். ஷாகுல் ஹமீது அன்றைக்குப் பட்டறையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் ஸ்ரீவித்யா ஒரு தாளை மேசையில் திருப்பி வைத்தாள். ஆங்கிலத்தில் இருந்தது.

“என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்லீங்க்கா, வழக்கமான லெட்டருங்க.”

“படி.”

ஸ்ரீவித்யா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மேற்படி அழைப்புகள் யாவும் என்னால் பேசப்பட்டவை என்றும், பில் சரியானது என்றும் ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி நல்லெண்ண அடிப்படையில் தொகையைத் தள்ளுபடி செய்வதை நன்றியுடன் ஏற்கிறேன்.

அக்தர் பானு பேனாவைக் கையில் எடுத்திருந்தாள். கீழே வைத்தாள்.

“பேசலைன்னு மாத்து. போடுதேன்.”

“மாத்த முடியாதுங்க்கா.”

“ஏன் முடியாது?”

“பேசலைன்னு எழுதுனா பில்லு தப்புன்னு ஆயிரும். எங்க பில்லு தப்பா இருக்க முடியாதுங்க. தப்பே இல்லாத பில்லைத்தான் தள்ளுபடி பண்ண முடியும்.”

மன்னிப்பதற்கு முதலில் ஒரு குற்றம் வேண்டும் என்பது கம்பெனியின் கட்சி. யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் உண்டு. யோசித்துப் பார்க்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

“கையெழுத்துதான பானு. காசும் வேணாங்காவ, நம்பரும் தாராவ. போட்டுட்டு வாயேன்” என்றார் ஷாகுல் ஹமீது.

“நீங்க போடுவீய. மெஷினுக்கே ஸலாம் சொன்ன ஆளுல்லா நீங்க.”

“அக்கா” என்று ஸ்ரீவித்யா குரலை உயர்த்தினாள். அவளுக்கும் இப்போது கோபம் வந்திருந்தது. “இதுக்காக நான் எத்தன பேருகிட்டப் பேச்சு வாங்கியிருக்கேன்னு தெரியுங்களா? யாருக்கும் இப்படிப் பண்ணுனதில்லீங்க. ஒரு தாளுங்க. ஃபைல்ல போய்ப் படுத்துக்கும். யாரு படிக்கப்போறாங்க?”

“நான் படிச்சுட்டேன்லா.”

“இன்னைக்குப் போடலைன்னா நம்பர் போயிரும். மாசக் கடைசில சிஸ்டமே எடுத்துரும். அப்புறம் நானே நெனச்சாலும் முடியாதுங்க. உங்க யாவாரம் என்னாகும்?”

என்னாகும் என்று அக்தர் பானுவுக்கு அவளைவிட நன்றாகத் தெரியும். நீலத்தில் பெரிய பூ கேட்ட சந்திரிகா இந்நேரம் வேறு யாரிடமோ வாங்கியிருப்பாள். அவள் தாளை ஒருமுறை பார்த்தாள். சத்தம் போடவில்லை, ஷாகுல் ஹமீதுக்கு அதுதான் பயமாக இருந்தது.

“இந்தா பாரு தாயி. அன்னைக்கு என் பேரன் பொறந்தான். அந்தச் சேதியைச் சொல்லதுக்குத்தான் நான் இந்த ஃபோனை அம்புட்டுத் தூரம் கொண்டுபோனேன். உங்க ஆளுவ பூட்டிட்டானுவ. நான் தெருவுல நின்னேன். எங்க வீட்டுச் சேதியை இவியளுக்குச் சம்மந்தி சிரிச்சுக்கிட்டே சொன்னாவ. அன்னைக்கு ஒரு வார்த்தை பேசியிருந்தேன்னா இந்தக் கேவலம் உண்டா? பேசலதான? பேசாததுக்குப் பட்ட பாடும் பட்டாச்சு, இப்பப் பேசுனேன்னு எழுதியும் தரணுமா?”

ஸ்ரீவித்யா பேனாவுக்கு மூடி போட்டாள். ஷாகுல் ஹமீது எழுந்து, பழக்கதோஷத்தில், ரொம்ப நன்றிம்மா என்றார்.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழிநெடுக ஒவ்வொரு விளம்பரப் பலகையையும் திட்டிக்கொண்டு வந்தாள். நடுவில் அவர், சம்மந்திகிட்ட நான் பேசிப் பாக்கட்டுமா என்றார். எதைப் பற்றி என்று அவருக்கே தெரியவில்லை. அவள் அடுத்த பலகையைத் திட்டத் தொடங்கியதால் அவரும் விட்டுவிட்டார். பின்னால் கம்பெனி சார்பில் பணம் வசூலிக்க ஓர் ஆள் இரண்டு தடவை வந்தான். முதல் தடவை முழுக் கதையையும் கேட்டான். இரண்டாம் தடவை தன் அண்ணிக்கென்று ஒரு நைட்டி வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வரவில்லை.

அக்தர் பானு அந்தத் தாளில் கையெழுத்துப் போடவில்லை, பணமும் கட்டவில்லை. மாசக் கடைசியில் எண் போயிற்று. வேறு கம்பெனியில் ஒரு புது எண் வாங்கினாள். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதமும் கசார்வாடி முதல் லோஹேகாவ் வரை, அவளிடம் நைட்டி வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போய், வாசலில் நின்று புது எண்ணைச் சொன்னாள்.